பழைய நெம்புகோல் வேட்டைத் துப்பாக்கி வாங்குதல்

பழைய நெம்புகோல் வேட்டைத் துப்பாக்கி வாங்குதல் என்பது, கைநெம்புகோலால் இயங்கும் ரைபிள் ஒன்றை முந்தைய உரிமையாளரிடமிருந்தோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலிருந்தோ சட்டப்படி வாங்குவதைக் குறிக்கும். அமெரிக்காவில் இது சிறு செலவில் வேட்டைக்குத் தயாராகும் வழி. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கு இவ்வகைத் துப்பாக்கி அரிது. அதற்குத் தோட்டா கிடைப்பது அதைவிட அரிது. வேட்டையாடுவதோ சட்டப்படி குற்றம். ஆகவே திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூர் போன்ற ஓர் ஊரில் பழைய துப்பாக்கி வாங்க நினைக்கும் ஒருவர், துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: உரிமம் கிடைக்குமா, தோட்டா கிடைக்குமா, வாங்கிய பின் அதை எதற்குப் பயன்படுத்த முடியும்?

இக்கட்டுரை நெம்புகோல் துப்பாக்கியின் அமைப்பையும், தமிழக வேட்டை வரலாற்றில் அதன் இடத்தையும், பழைய துப்பாக்கி வாங்குவதற்கான சட்ட வழிகளையும், பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி நாடும் விவசாயிகளின் நிலையையும் விளக்குகிறது.

அமைப்பும் இயக்கமும்

துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகு போன்ற வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தால் அது ரைபிள். அந்தப் பள்ளங்கள் குண்டைச் சுழலவைத்து நேராகச் செலுத்துகின்றன. குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருந்தால் அது சிதறுகுண்டுத் துப்பாக்கி. நம் ஊர்களில் பழக்கப்பட்ட ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கிகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 454 கிராம் ஈயத்தில் 12 சம உருண்டைகள் செய்தால் ஒவ்வோர் உருண்டைக்கும் என்ன விட்டம் வருமோ, அந்த அளவுள்ள குழலே 12 போர் எனப்படுகிறது. அது சுமார் 18.5 மில்லிமீட்டர். ரைபிளின் அளவு பெரும்பாலும் அங்குலத்தில் சொல்லப்படும். .315 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 315 பங்கு, அதாவது சுமார் 8 மில்லிமீட்டர்.

நெம்புகோல் துப்பாக்கியில் விசையைச் சுற்றியுள்ள காப்புவளையமே நீண்டு, விரல்கள் நுழையும் கைப்பிடியாக அமைந்திருக்கும். அதைக் கீழ்நோக்கித் தள்ளினால், சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். சுத்தி பின்னால் சாய்ந்து தயார் நிலைக்கு வரும். திரும்ப மேலே இழுத்தால், அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிப் பூட்டிக்கொள்ளும். பள்ளி அறிவியலில் படிக்கும் நெம்புகோல் தத்துவம்தான் இது. கையின் சிறு விசை, சுழலும் புள்ளி ஒன்றின் உதவியால் உள்ளே இருக்கும் கனமான பூட்டை நகர்த்துகிறது. ஒவ்வொரு முறை சுடுவதற்கும் கையால் இயக்க வேண்டும் என்பதால், இது தானியங்கித் துப்பாக்கி அல்ல.

1860ஆம் ஆண்டின் ஹென்றி ரைபிள், 1873ஆம் ஆண்டின் வின்செஸ்டர் ஆகியவை இவ்வகையைப் பரப்பின. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 மாதிரி 70 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. 1948இல் வந்த மார்லின் 336 மாதிரியும் பெருமளவில் விற்றது. இவ்வளவு எண்ணிக்கையில் தயாரானதால்தான் அமெரிக்காவில் பழைய நெம்புகோல் துப்பாக்கி எளியவர்களின் வேட்டைக் கருவி ஆயிற்று. அங்கு இவற்றுக்கு மிகவும் பழக்கமான தோட்டா .30-30. முதல் எண் குழலின் அளவைக் குறிக்கும்; இரண்டாவது எண், தொடக்கத்தில் அதில் நிரப்பிய மருந்தின் எடை 30 கிரெய்ன் என்பதைக் குறிக்கும். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம். எனவே அந்த மருந்தின் எடை 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

இம்மாதிரிகள் பலவற்றில் குழலுக்கு அடியில் உள்ள நீண்ட குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒரு தோட்டாவின் முனை, அதற்கு முன்னால் நிற்கும் தோட்டாவின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அடிப்பகுதியின் நடுவில்தான் தீப்பற்றும் மூடி உள்ளது. முனை கூராக இருந்தால் அதிர்ச்சியில் அந்த மூடியைக் குத்தி உள்ளேயே வெடிக்கும் அபாயம் உண்டு. அதனால் இவற்றில் தட்டை முனைக் குண்டுகளே பயன்படுத்தப்பட்டன. இந்தக் குறையைத் தீர்க்க, 1895 மாதிரியில் பிரவுனிங் குழாயை நீக்கிவிட்டு, தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் பெட்டியைத் துப்பாக்கியின் அடியில் அமைத்தார்.

தமிழகக் காடுகளில் நெம்புகோல் துப்பாக்கி

தமிழக வேட்டை வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட நெம்புகோல் துப்பாக்கி அந்த 1895 மாதிரிதான். பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் (1910–1974) .405 அளவுள்ள வின்செஸ்டர் 1895 ரைபிளைப் பயன்படுத்தினார். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் முதலிய, அன்றைய சேலம் மாவட்டத்துக் காட்டுப்பகுதிகள் அவருடைய நூல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஜவ்வாது மலைக்கு அருகில் உள்ள ஏலகிரி மலையில் ஆளைக் கொன்ற சிறுத்தை ஒன்றைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். அவருடைய முதல் வேட்டை நூல் 1954இல் வெளிவந்தது.

அக்காலத்தில் துப்பாக்கி வைத்திருப்பது பெரும்பாலும் வெள்ளையர்கள், ஜமீன்தார்கள், தோட்ட முதலாளிகள், அதிகாரிகள் ஆகியோரின் வசதியாக இருந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமம் பெறச் சொன்னது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. இந்தப் பாகுபாடு விடுதலை இயக்கத் தலைவர்களின் கண்டனத்துக்கு உள்ளானது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் அதுவே திருத்தங்களுடன் நடப்பில் உள்ளது.

வேட்டைக்கும் இதே காலத்தில் முடிவு வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்தது. மீதமிருந்த வேட்டை உரிமங்களையும் 1991ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கியது. ஆகவே ‘வேட்டைத் துப்பாக்கி’ என்ற பெயர் இன்று இந்தியாவில் துப்பாக்கியின் வகையைக் குறிக்கும் சொல்லாக மட்டுமே எஞ்சியுள்ளது. ஒருவரிடம் உள்ள துப்பாக்கி உரிமம், ஒரு முயலைச் சுடுவதற்குக்கூட அனுமதி ஆகாது.

இந்தியச் சந்தையில் ஏன் அரிது

வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் தனிப்பட்ட முறையில் தருவிப்பது 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய நின்றுவிட்டது. தேர்ந்த துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு. எனவே இந்தியாவில் உள்ள வின்செஸ்டர், மார்லின் போன்ற துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே வந்தவை. புதியவை வராத நிலையில், இருப்பவையே கைமாறிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் எளிய விலைக்குக் கிடைக்கும் பொருள் இங்கு அரும்பொருளாக மாறியது இவ்வாறுதான். வெளிநாட்டுப் பெயர் பொறித்த பழைய துப்பாக்கிக்கு இந்தியாவில் கேட்கப்படும் விலை, அதன் தரத்தைவிட அதன் அருமையையே காட்டுகிறது.

உள்நாட்டில் அரசுத் தொழிற்சாலைகளே பொதுமக்களுக்கான ரைபிள்களைத் தயாரித்து வந்தன. மேற்கு வங்கத்தின் ஈசாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் .315 ரைபிள் அவற்றில் மிகவும் பரவலானது. அது நெம்புகோல் வகை அல்ல. தாழ்ப்பாள் போன்ற கைப்பிடியை உயர்த்தி, பின்னால் இழுத்து இயக்கப்படுவது. இராணுவம் பயன்படுத்திய .303 தோட்டா பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்ததால், அதற்கு மாற்றாக .315 வழக்குக்கு வந்தது. பழைய ரைபிளை நாடும் இந்தியர் பெரும்பாலும் கடைசியில் சென்று சேருவது இந்த .315 அல்லது .22 ரைபிளில்தான். முன்பு ஒரே வாரியத்தின் கீழ் இருந்த இத்தொழிற்சாலைகள், 2021 அக்டோபர் 1 முதல் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன.

தோட்டா என்னும் கேள்வி

துப்பாக்கியின் விலையைக் கேட்பவர் பலர். தோட்டாவைப் பற்றிக் கேட்பவர் சிலரே. .315, .22, 12 போர் ஆகியவற்றுக்கான தோட்டாக்கள் இந்தியாவில் தயாராகின்றன. .30-30, .405 போன்ற நெம்புகோல் துப்பாக்கித் தோட்டாக்கள் இங்கு தயாராவதில்லை. தோட்டா இல்லாத ரைபிள், சுவரில் மாட்டக்கூடிய இரும்பும் மரமும்தான். அப்படி மாட்டிவைப்பதற்கும் உரிமம் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

தோட்டா கிடைக்காதபோது, அளவில் நெருங்கிய வேறு தோட்டாவைப் போட்டுப் பார்ப்பது உயிருக்கு ஆபத்தானது. குழலில் பொறித்துள்ள அளவும் தோட்டாவின் அடியில் பொறித்துள்ள அளவும் முழுமையாக ஒத்திருக்க வேண்டும். குழலை வேறு அளவுக்கு மாற்றுவதும் குழலைக் குட்டையாக வெட்டுவதும் தனிக் குற்றங்கள். தோட்டாவும் உரிமத்தின் பேரில்தான் விற்கப்படும். ஒருவர் எத்தனை வைத்திருக்கலாம் என்பது உரிமத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

உரிமம் பெறுதல்

துப்பாக்கியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு உரிமம் பெறலாம் என்ற எண்ணம் தவறானது. சட்டத்தின் வரிசை இதற்கு நேர்மாறு. முதலில் உரிமம், அதன் பிறகே துப்பாக்கி. மாவட்டங்களில் உரிமம் வழங்கும் அதிகாரி, மாவட்ட நடுவர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் ஆவார். மாநகரக் காவல் ஆணையரகங்களில் அந்த அதிகாரம் காவல் ஆணையரிடம் இருக்கும். கீழ்பென்னாத்தூர் வட்டத்தில் வசிப்பவர் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியருக்கே விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறையின் விசாரணை அறிக்கை வந்த பின்பே முடிவு எடுக்கப்படும்.

விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு விண்ணப்பங்களை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள வழுவழுப்புக் குழல் துப்பாக்கி கேட்பவரும், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து திணிக்கும் துப்பாக்கி கேட்பவரும் முதல் வகை. மறுப்பதற்கான காரணம் இல்லாவிட்டால் இவர்களுக்கு உரிமம் வழங்கப்பட வேண்டும். வாய்வழித் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால், பயிர்ப் பாதுகாப்புக்கு வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கியை அனுமதிக்கலாம். இவை அல்லாதவை பெரும்பாலும் இரண்டாம் வகை. அதற்குத் தக்க காரணம் இருப்பதாக அதிகாரி நிறைவடைய வேண்டும். ரைபிள் பொதுவாக இந்த இரண்டாம் வகையில் சேருகிறது. எனவே நெம்புகோல் ரைபிளுக்கு உரிமம் பெறுவது ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் பெறுவதைவிடக் கடினம்.

2016 ஜூலையில் வெளியான ஆயுத விதிகள், துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிக்கான சான்றையும், வீட்டில் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கும் ஏற்பாட்டையும் வலியுறுத்துகின்றன. ஒவ்வோர் உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் வழங்கப்படுகிறது. 2019 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியதும் அதே திருத்தம்தான். மூன்றாவது துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

உரிமம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்ய 18ஆம் பிரிவு வழிசெய்கிறது. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுவது அதன் முதல் படி.

வாங்கும் மூன்று வழிகள்

பழைய துப்பாக்கி மூன்று வழிகளில் ஒருவருக்கு வந்து சேரலாம்.

முதலாவது, உரிமம் பெற்ற ஆயுதக் கடை. பலர் தங்கள் துப்பாக்கியைக் கடையில் விற்கவோ, பாதுகாப்புக்காக வைக்கவோ செய்கிறார்கள். கடைக்காரர் வாங்குபவரின் உரிமத்தைச் சரிபார்த்து, விற்பனையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய துப்பாக்கி வாங்குவோருக்குச் சிக்கல் குறைவான வழி இதுவே.

இரண்டாவது, ஒரு தனிநபரிடமிருந்து நேரடியாக வாங்குதல். தம் சொந்தப் பயன்பாட்டுக்காகச் சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கியை, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்க 5ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் விற்பவர் தம் எண்ணத்தையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ அருகில் உள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாட்களாவது கழிந்த பின்பே துப்பாக்கி கைமாறலாம். ‘பணத்தைக் கொடுத்துவிட்டு இன்றே எடுத்துப் போங்கள், கடிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட வேண்டும்.

மூன்றாவது, வாரிசு உரிமை. உரிமம் பெற்றவர் இறந்தால் துப்பாக்கி தானாக மகனுக்கோ மகளுக்கோ போய்விடாது. இறந்தவரின் உரிமம் அவரோடு முடிகிறது. குடும்பத்தார் துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து, வாரிசு ஒருவர் தம் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்தாலோ, அவர் 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றுவதற்கு 2016 விதிகள் இடமளிக்கின்றன. பரணில் கிடந்த தாத்தாவின் துப்பாக்கி, எவரும் தவறு செய்ய எண்ணாமலேயே ஒரு குடும்பத்தை வழக்கில் சிக்கவைக்கக்கூடும். சுடவே முடியாத, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அது அப்படிப்பட்டதுதானா என்பதை வீட்டார் தாமே முடிவு செய்துகொள்ள முடியாது.

எந்த வழியில் வாங்கினாலும், துப்பாக்கியின் வகை, அளவு, எண் ஆகியவை வாங்கியவரின் உரிமத்தில் ஏற வேண்டும். உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். வெளி மாநிலத்தில் வாங்க நினைப்பவர் இதை முதலில் பார்க்க வேண்டும்.

பார்த்து வாங்க வேண்டியவை

பழைய துப்பாக்கியில் முதலில் பார்க்க வேண்டியது எண். தயாரிப்பாளர் பெயரும் தயாரிப்பு எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். அவை விற்பவரின் உரிமத்தில் உள்ளவற்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்திருக்க வேண்டும். எண் அழிக்கப்பட்ட, தேய்க்கப்பட்ட, மேலே மீண்டும் பொறிக்கப்பட்ட துப்பாக்கியைத் தொடவே கூடாது. அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதை 8ஆம் பிரிவு தடை செய்கிறது.

அடுத்தது குழல். உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின், பின்புறத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் வரிப்பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும். துரு அரித்த குழிகள் இருக்கக் கூடாது. உள்ளே வளையம்போல் தெரியும் இருண்ட கோடு, வெளிப்புறத்தில் கைக்குத் தட்டுப்படும் வீக்கம் ஆகியவை முன்பு குழல் அடைத்த நிலையில் சுடப்பட்டதற்கான அறிகுறிகள். அப்படிப்பட்ட குழல் வெடிக்கக்கூடும்.

நெம்புகோலை மெதுவாக முழுத்தொலைவுக்கும் இயக்கிப் பார்க்க வேண்டும். மூடிய நிலையில் அது தளர்ந்து தொங்கக் கூடாது; பூட்டு முழுமையாக ஏறி நிற்க வேண்டும். பாதி பின்னால் இழுத்து நிறுத்திய சுத்தி, விசையை அழுத்தினாலும் விழக் கூடாது. விழுந்தால் உள்ளே உள்ள வெட்டுப்பல் தேய்ந்துவிட்டது என்று பொருள். தோட்டாக் குழாயின் சுருள்வில் துருப்பிடித்திருந்தால் தோட்டா நடுவழியில் சிக்கும். திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால், பழக்கமில்லாத கை அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறது என்று அறியலாம். மரக்கட்டையில், கைப்பிடிப் பகுதியின் மெல்லிய இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மேற்பூச்சின் பளபளப்பை நம்பக் கூடாது. நூறாண்டு பழைய துப்பாக்கிக்குப் புது மெருகு ஏற்றுவது எளிது. உள்ளே தேய்ந்த இரும்பை மீட்பது அரிது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டிய பின் விலை பேசுவதே முறை.

விவசாயியும் துப்பாக்கியும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் நெல், கரும்பு, மணிலா ஆகியவை விளைகின்றன. மணிலாவை இப்பகுதியில் மல்லாட்டை என்பார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தின் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை பழகிப்போன முறையீடு. மல்லாட்டை காய் பிடிக்கும் பருவத்தில் ஒரு கூட்டம் இறங்கினால், ஓர் இரவில் செடியோடு மண்ணையும் புரட்டிப் போட்டுவிடும். விதைக்கும் உழவுக்கும் கடன் வாங்கியவருக்கு அந்த ஓர் இரவின் இழப்பு பெரிது. இங்கு துப்பாக்கி வாங்க எண்ணும் விவசாயியை வேட்டை ஆசை இயக்கவில்லை. இந்த இழப்பே இயக்குகிறது.

ஆனால் பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமம், பன்றியைச் சுட்டுக் கொல்வதற்கான அனுமதி அல்ல. வெடிச் சத்தத்தால் விரட்டுவது வேறு, கொல்வது வேறு. காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தான விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரம், சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி வனத்துறையின் உயர் அதிகாரிகளிடம் உள்ளது.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் இதற்கு ஒரு வரையறை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் சுடலாம். சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே தரப்பட்டது, விவசாயிக்குத் தரப்படவில்லை. கேரளம் வேறு வழியில் சென்றது. அங்கு 2022இல், உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் என்ற தகுதி தரப்பட்டு, துப்பாக்கி உரிமம் உள்ளவர்களைக் கொண்டு சுட அவர்கள் ஆணையிட வழி செய்யப்பட்டது. கர்நாடகத்தின் குடகில், குடவ இனத்தவருக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கும் வேட்டைக்கான அனுமதி அல்ல. அண்டை மாநிலத்தில் கேட்ட செய்தியைத் தமிழ்நாட்டின் சட்டம் என்று எண்ணுவது ஆபத்தில் முடியும்.

துப்பாக்கி இல்லாமலே பயிரைக் காக்க மக்கள் பல வழிகளைக் கையாள்கின்றனர். வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுதல், இரவில் விளக்கு எரியவிடுதல், பரண் அமைத்துத் தகரம் தட்டுதல், சூரிய ஆற்றலில் இயங்கும் முறையான வேலி ஆகியவை அவற்றுள் சில. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கோரவும் வழியுண்டு. சேதத்தை அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் தெரிவிப்பது கோரிக்கைக்கு வலுச் சேர்க்கும். மின்கம்பியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்து வேலியில் பாய்ச்சுவதும், அவுட்டுக்காய் எனப்படும் வெடியை வைப்பதும் குற்றங்கள். அவை பன்றியோடு மனிதரையும் மாட்டையும் யானையையும் கொன்றிருக்கின்றன.

உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி

சட்ட வழி நீண்டது என்பதால் குறுக்கு வழியும் உருவாகிறது. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, தருமபுரி, கிருஷ்ணகிரி மலைப்பகுதிகள் ஆகியவற்றில் கள்ளத்தனமாகச் செய்யப்பட்ட நாட்டுத் துப்பாக்கிகள் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. இவற்றில் கரிமருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் குழலின் வாய்வழியாகத் திணிப்பார்கள். தண்ணீர்க் குழாய் போன்ற, அழுத்தம் தாங்காத இரும்பில் செய்த குழல் சுடுபவரின் முகத்திலேயே வெடித்துவிடும். முயல் என்றோ பன்றி என்றோ எண்ணி இருட்டில் சுட்டு, உடன் சென்றவரே பலியான செய்திகள் மலைப்பகுதிகளிலிருந்து வருவதுண்டு.

உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்குச் சிறைத் தண்டனை உண்டு. உரிமமின்றித் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் 2019 திருத்தம் தண்டனையை ஏழாண்டிலிருந்து ஆயுள் வரை உயர்த்தியது. இதற்கிடையே காவல்துறை அவ்வப்போது மலைக்கிராமங்களில், உரிமமில்லாத துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைப்போர் மீது வழக்கு இல்லை என்று அறிவித்துக் கால அவகாசம் தருகிறது. ஊர்ப் பெரியவர்கள் வழியாகத் துப்பாக்கிகள் குவியலாக ஒப்படைக்கப்படுவது அப்போதுதான். அப்படிப்பட்ட அறிவிப்பு வரும்போது அதைப் பயன்படுத்திக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

காற்றுத் துப்பாக்கியைப் பற்றியும் தவறான எண்ணம் உண்டு. 2016 விதிகளின்படி, .177 அங்குலத்துக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத வேகச்சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதைக் கொண்டு மயிலையோ கொக்கையோ சுட்டால் வனவிலங்குச் சட்டப்படி அதுவும் குற்றமே.

வாங்கிய பின் வரும் கடமைகள்

உரிமத்தைக் காலாவதிக்கு முன் புதுப்பிக்க வேண்டும். காலாவதியான உரிமத்தோடு வைத்திருக்கும் துப்பாக்கி உரிமமில்லாத துப்பாக்கியே. தேர்தல் அறிவிக்கப்பட்டதும், ஆய்வுக் குழுவின் முடிவின்படி உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து, தேர்தல் முடிந்த பின் திரும்பப் பெறுகின்றனர். ஒப்படைத்த ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். திருமணத்திலோ திருவிழாவிலோ மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 2019 திருத்தம் இடமளிக்கிறது.

வீட்டில் துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனியே பூட்டப்பட்டு, சாவி பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். முகவரி மாறினாலும், துப்பாக்கி தொலைந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கணக்கிட்டால், பழைய நெம்புகோல் ரைபிள் ஒன்றின் விலைச்சீட்டில் உள்ள தொகை செலவின் ஒரு பகுதி மட்டுமே. உரிமம், பயிற்சி, பூட்டுப்பெட்டி, புதுப்பிப்பு, கிடைக்காத தோட்டா ஆகியவை மற்றப் பகுதிகள். துப்பாக்கி சுடுவதில் ஆர்வமுள்ள மாணவர்கள், ரைபிள் கிளப்புகளில் பயிற்சியாளரின் கண்காணிப்பில் இலக்கு சுடுதலைக் கற்கலாம். பயிரைக் காக்க நினைக்கும் விவசாயிக்குச் சட்டம் முதலில் காட்டுவது வாய்வழித் துப்பாக்கியையும், அது போதாதபோது வழுவழுப்புக் குழல் துப்பாக்கியையும்தான்; ரைபிளை அல்ல.